தாகசாந்தி - 9: ஐந்து பொருள், ஒரு பழம்

எலுமிச்சையின் மணம் தோலில் இருக்கிறது, புளிப்பு சாற்றில் இருக்கிறது. விருந்தினருக்குக் கலக்கும் பானத்தில் இரண்டும் சேர வேண்டும். பழம் பொறுக்குவது சென்ற வாரமே முடிந்தது: மெல்லிய தோல், கைக்குக் கனம். இனி கலவை.

பழைய எலுமிச்சைக் கலவைகளில் ஒன்று 'பஞ்ச்'. உலகெங்கும் காக்டெய்ல் பட்டியல்களில் இருக்கும் இந்தப் பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்று கிடைப்பது சோழமண்டலக் கரையில்தான். 1632-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் ஆடம்ஸ், பெத்தப்பள்ளியில் (இன்றைய நிசாம்பட்டினம்) இருந்த வணிகருக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. சென்னையில் கோட்டைக்கு இடம் கிடைத்தது 1639-இல். கடிதம் அதற்கு 7 ஆண்டு முந்தியது. 1670-களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜான் ஃப்ரையர், ஐந்து பொருள் சேர்வதால்தான் இந்தப் பெயர் என்று எழுதினார். அவர் நூல் 1698-இல் வெளிவந்தது. மதுப் பீப்பாயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. ஆனால் பஞ்சாமிர்தம், பஞ்சலோகம் என்று ஐந்தை எண்ணிப் பழகியவர்களுக்கு ஃப்ரையரின் விளக்கமே உடனே பிடிபடும்.

அந்த ஐந்து: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப்பொருள். எல்லாம் இந்தப் பக்கத்துச் சரக்கு. ஆங்கிலேயர் 1626-இல் பண்டகசாலை போட்ட துர்கராஜப்பட்டினம் கூடூருக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது. அதே கூடூர் இன்று சென்னைக்கு எலுமிச்சை அனுப்பும் முக்கிய ஊர்களில் ஒன்று. கோயம்பேட்டில் இறங்கி, பூந்தமல்லி வழியாகப் பருத்திப்பட்டுக் கடைக்கு வரும் பழத்துக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

பழைய பஞ்ச் தயாரிப்பாளர்கள் கட்டிச் சர்க்கரையை எலுமிச்சைத் தோலில் தேய்த்து மண எண்ணெயைச் சர்க்கரைக்கு ஏற்றினார்கள். வீட்டில் அதையே எளிதாகச் செய்யலாம். 10 பேருக்கு 10 எலுமிச்சை. கழுவித் துடைத்து, வெளித்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். சீவியதை 250 கிராம் சர்க்கரையோடு பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால் சர்க்கரை ஈரமாகி மணக்கும்.

சாராயத்தின் இடத்தில் கறுப்புத் தேநீர் வைக்கலாம். அதன் துவர்ப்பு பானத்துக்கு உடல் கொடுக்கும். முக்கால் லிட்டர் இளந்தேநீரைச் சூடாக ஊற்றிச் சர்க்கரையைக் கரைத்து, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, ஆறியதும் வடிகட்ட வேண்டும். பரிமாறும்போது ஒரு லிட்டர் குளிர்ந்த நீர் சேரும்.

சாறு கடைசியில். பழத்தைப் பலகையில் அழுத்தி உருட்டிய பிறகு பிழிந்தால் சாறு கூடும். காலையில் பிழிந்து மாலைவரை வைக்கக் கூடாது. புதுச் சாற்றில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. புளிப்பிலேயே கிடந்து அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. கொட்டையோடு சேர்த்து நசுக்கினாலும் கசப்பு ஏறும். ஏரிக்கரைக்கு நடக்கப் போன விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரமே பிழிவதற்குச் சரியான நேரம்.

இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த கோலி சோடாவும் ஐஸும் அடுத்த வாரத்துக்கு நகர்கின்றன. இப்போதைக்குப் பானைத் தண்ணீரின் குளிர்ச்சியே போதும்.