கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது பெரும் சித்திரவதை. துணியைப் பிரித்து, கருகிய தோலை அகற்றிக் கழுவும்போது மார்ஃபின் போட்டிருந்தாலும் வலி அடங்காது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள், 1990களில் தொடங்கி, அந்த நேரத்தில் நோயாளியின் தலையில் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு பனிப் பள்ளத்தாக்கு. மிதந்துகொண்டே பென்குவின்கள்மீது பனி உருண்டை எறியலாம். வலியை உணரவும் மூளைக்குக் கவனம் தேவை. அதை விளையாட்டு பிடுங்கிக்கொண்டது. வலி வெகுவாகக் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள்.

இந்தக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இன்னும் அமையவில்லை என்பேன். சில நிமிடங்களில் கழற்றிவிடலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். நெடுநேரம் மாட்டியிருந்தால்தான் தொல்லை.

ஹெட்செட்டுக்குள் இரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படங்கள் போகின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. தலை திரும்பினால் படமும் கூடவே திரும்ப வேண்டும். சுமார் 20 மில்லிவினாடிக்கு மேல் பிந்தினால் காட்சி தள்ளாடும். பிந்தாவிட்டாலும் குமட்டலாம். ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தால், அசைகிறோம் என்று உள்காது சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். வி.ஆரில் பறக்கும்போது இதே சண்டை தலைகீழாக நடக்கும்.

கண்ணுக்குள்ளேயும் ஒரு பிணக்கு உண்டு. விரலை மூக்கருகே கொண்டுவாருங்கள்: கருவிழிகள் உட்புறம் திரும்பும், கண்ணின் லென்ஸும் அதே தூரத்துக்குக் குவியும். பெரும்பாலான ஹெட்செட்டுகளிலோ, மூக்கருகே பட்டாம்பூச்சி பறந்தாலும் குவியம் ஓரிரு மீட்டர் தள்ளியே நிற்கும். கண்வலி, தலைவலிக்கு இது முக்கியக் காரணம்.

நிஜத்தை மறைக்காமல் அதன்மேல் படம் காட்டுவது ஏ.ஆர். போன் திரையில் அது எளிது. 2016இல் போகிமான் கோ விளையாட்டு உலகத்தையே தெருவுக்கு இழுத்தது. கண்ணாடியாக அணிவதில்தான் சிக்கல். 1,500 டாலருக்கு வந்த கூகுள் கிளாஸின் கேமரா எப்போது படம்பிடிக்கிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியவில்லை. சில மதுக்கூடங்களும் உணவகங்களுமே அதற்குத் தடை போட்டன. 2015இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இன்றைய சில ஹெட்செட்டுகள் அணிந்தவரின் பார்வை எங்கே, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் அளக்கின்றன. விளம்பரதாரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கனமும் பழைய தொல்லைதான். ஐவன் சதர்லண்ட் 1968இல் செய்த முன்னோடி ஹெட்செட்டைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். 2024இல் ஆப்பிள் விஷன் புரோ வந்தபோது விலை 3,499 டாலர்; எடை 600 கிராமுக்குக் குறையவில்லை. அதுவும் பேட்டரியைத் தனியே பையில் போட்டுக்கொண்ட பிறகு!