நத்தை இல்லாத நாரை

போன ஜனவரியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். நண்பரின் கேமரா, அதில் 600 மில்லிமீட்டர் டெலி லென்ஸ். நத்தைகுத்தி நாரை ஒன்றை எடுத்து முடித்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. இது எந்த ஊருல எடுத்தது?" என்றார். "இங்கதாங்க ஐயா, இப்பத்தான்" என்றேன். திரையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். நம்பின மாதிரி தெரியவில்லை.

அவர் கேலி செய்யவில்லை. படத்தில் ஊர் இல்லை. இந்த லென்ஸை முழுக்கத் திறந்து 20 மீட்டர் தூரத்துப் பறவையைப் பார்த்தால் சட்டகத்துக்குள் வருவது சுமார் நாலடி அகலம். அதிலும் துலக்கமாக விழும் ஆழம் ஏறக்குறைய கால் மீட்டர்தான். முன்னும் பின்னும் உள்ள கிளை, தண்ணீர், கரை, மனுஷர் எல்லாம் பச்சைக் குழம்பாகிவிடும். 'பின்னணி வெண்ணெயாட்டம் குழைஞ்சிருக்கு' என்று இதைத்தான் பாராட்டுகிறார்கள். அந்த வெண்ணெய்க்குப் பத்து லட்சத்துக்கு மேல் விலை.

அடுத்தது ஆட்டோஃபோகஸ். 1985இல் மினோல்டா 7000 வந்தபோது நம் விரலின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, விலகல் எவ்வளவு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அது கணக்கிடும். ஆனால் எதன்மேல் குவிப்பது என்பது ஆளின் முடிவாகவே இருந்தது. 2020இல் கேனன் ஆர்5, 2021இல் சோனி ஆல்ஃபா 1 வந்த பிறகு அந்த முடிவும் பெருமளவு கைமாறிவிட்டது. ஏராளமான படங்களால் பயிற்றப்பட்ட கருவி பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது, பறந்தாலும் விடுவதில்லை, நொடிக்கு 20, 30 படம் எடுத்துத் தள்ளுகிறது. பறவை என்றால் கண் என்கிற ஒற்றை வாசிப்பு கடையில் வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. மனித உருவப்படத்தின் இலக்கணம் இது. நாரைக்கு முகம் கிடைத்துவிட்டது, வயல் போய்விட்டது.

(1882இல் பறவைகளின் பறத்தலை ஆராய மாரே என்கிற பிரெஞ்சுக்காரர் செய்த கேமரா துப்பாக்கி வடிவத்திலேயே இருந்தது, நொடிக்கு 12 படம். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது இறக்கையின் அசைவு, அழகு அல்ல.)

எதற்கெடுத்தாலும் திணையை இழுத்துப் பெருமை பேசும் நம்மவர் பழக்கம் எனக்கு உவப்பானதல்ல. இருந்தாலும் இங்கே அது உதவுகிறது. புள் கருப்பொருள், நிலமும் பொழுதும் முதற்பொருள். முதலை அழித்துவிட்டுக் கருவை மட்டும் கத்தரித்து எடுக்கும் பிரதியை இந்த லென்ஸ் உற்பத்தி செய்கிறது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வேடந்தாங்கல் காடல்ல, பாசன ஏரி. பறவைகளைச் சுடக் கூடாதென்று ஊரார் முறையிட, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களின் காவலை ஏற்று ஆணை கொடுத்தார் என்பது வரலாறு. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். காத்ததில் அந்தக் கணக்கும் உண்டு. நத்தைகுத்தி கூடு கட்டுவது ஏரி மரத்தில், நத்தை பொறுக்குவது சுற்றுவட்டார நெல்வயலிலும் குட்டைகளிலும். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க மாநில அரசு முன்மொழிந்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. அப்போது எனக்கு வந்த படங்கள் எல்லாமே நாரையின் நெருக்கப் படங்கள். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். கத்தரிக்கப் பார்த்த அந்த 2 கிலோமீட்டரில் கிடந்த வயல்களும் சிறு ஏரிகளும் ஒரு படத்திலும் இல்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கூடுள்ள ஏரியை யாரும் தொடப்போவதில்லையே, பிறகென்ன என்று எதிர்த்தரப்பு கேட்டால் அந்தப் படங்களிடம் பதில் கிடையாது.

லென்ஸைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. கூட்டருகே போகாமல் எடுக்கலாம். காலில் மாட்டிய வளையத்து எண்ணைக்கூட தூரத்திலிருந்தே படிக்கலாம். பறவைக்கு அது நல்லதுதான்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். ஒரு தடவை 35 மில்லிமீட்டர் லென்ஸில் வயலும் ஆளும் தெரிய எடுத்துப் பாருங்களேன் என்றேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எடுக்கலாம்ப்பா. அதுல நாரை வெள்ளைப் புள்ளியாத்தான் இருக்கும். யாரு பார்ப்பா?"