ரப்பர் விலை கேட்போம்

கணினிப் பட்டறை – 14

கோலா கங்சார் மாவட்ட நில அலுவலகத்துக்கு அருகே, வேலிக்குள், ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கிறது. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் இங்கே நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது அது. வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். நமக்கு வேண்டியது மரமல்ல, அதன் பாலுக்கு லண்டன் சந்தை போட்ட விலை. சென்ற வாரம் அட்டவணையில் ஏற்றினோமே, அதுதான்: 1910 ஜனவரி முதல் 1941 டிசம்பர் வரை, மாதத்துக்கு ஒன்றாக 384 எண்கள். ஒரு பவுண்டு ரப்பருக்கு எத்தனை பென்ஸ் என்ற கணக்கு.

வரைபடம் போட்டுப் பார்த்தாயிற்று. இந்த வாரம் அதையே காதால் கேட்போம். பைத்தானில் எண்களை ஒலிக்கவைக்கும் லைப்ரரிகள் ஒன்றிரண்டல்ல. எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒலி எந்த இயந்திரத்தின் ஸ்பீக்கரிலிருந்து வரவேண்டும், அந்த இயந்திரத்தில் எதை நிறுவ முடியும் என்று கேளுங்கள். பாதிப் பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

கூகல் கோலாபில் வேலை செய்கிற பிள்ளைகள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே நிரல் ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். சவுண்ட்டிவைஸ், பைஆடியோ போன்ற லைப்ரரிகளை அழைத்தால் அவை அந்த சர்வரின் ஸ்பீக்கரைத் தேடும். அங்கே ஏது ஸ்பீக்கர்? கோலாபுக்கு ஐபைத்தானோடு வரும் ‘ஆடியோ’ போதும். அது எண்களை உலாவிக்கு அனுப்பிவிடும், பொத்தானை அமுக்கினால் உங்கள் போனிலேயே கேட்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சொல்லாமலேயே அது ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றிச் சமன்செய்துவிடும். அதனால் மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒன்றுபோலக் கேட்கும்.

சொந்த மடிக்கணினி என்றால் என் ஓட்டு சவுண்ட்டிவைஸுக்கு. நம்பை லைப்ரரியின் அணியை அப்படியே வாங்கிக்கொள்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் அதற்குத் தேவையான போர்ட்ஆடியோவும் கூடவே வந்துவிடும், லினக்ஸில் மட்டும் அதைத் தனியாக நிறுவவேண்டும். ‘ப்ளே’ என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. உண்மையில் முடியவில்லை. அந்த வரி ஒலியைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். நிரல் அங்கேயே முடிந்தால் ஒலியும் அறுந்துவிடும். பின்னால் ஒரு ‘வெயிட்’ போட மறக்காதீர்கள்.

பைஆடியோவும் அதே போர்ட்ஆடியோவின் மேல்தான் நிற்கிறது. ஆனால் எண்களை பைட்டுகளாக்கி, ஓடையைத் திறந்து, எழுதி, மூடும் பாடு உங்களுடையது. மைக்கிலிருந்து வாங்கிக்கொண்டே ஒலிக்கவைக்கவேண்டிய வேலைக்கு அது சரி. சிம்பிள்ஆடியோ பெயருக்கேற்ற எளிய லைப்ரரிதான். வளர்ச்சி நின்றுபோய்விட்டதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. பைகேம் விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு. எதையுமே நிறுவ அனுமதியில்லாத பள்ளிக் கணினியா? பைத்தானுடனேயே வரும் ‘வேவ்’ இருக்கிறது. அது ஒலிக்காது, கோப்பாக எழுதித் தரும். கோப்பைத் திறந்து கேட்டுக்கொள்ளலாம். சொல்லப்போனால் இந்த ஏழை வழிதான் எந்த இயந்திரத்திலும் கைவிடாதது.

லைப்ரரி கிடைத்துவிட்டது என்று 384 எண்களையும் அப்படியே ‘ப்ளே’க்குக் கொடுத்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காரணம் இரண்டு. ஒலிக்கு வழக்கமாக வினாடிக்கு 44,100 எண்கள் வேண்டும். நம்முடைய 32 ஆண்டுகள் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட வராது. அடுத்து, சவுண்ட்டிவைஸ் தசம எண்களை –1க்கும் 1க்கும் இடையில்தான் எதிர்பார்க்கிறது. பென்ஸ் கணக்கெல்லாம் 1க்கு மேலே. அத்தனையும் வெட்டுப்பட்டு ஒரே மட்டமாகிவிடும். ஸ்பீக்கர் ஒருமுறை முன்னே தள்ளி அப்படியே நிற்கும். அசையாத ஸ்பீக்கரில் ஒலி ஏது?

ஆகவே விலையை அலையாகக் கொடுக்கக்கூடாது, சுருதியாக மாற்றிக் கொடுக்கவேண்டும். மாதத்துக்குக் கால் வினாடி வீதம் மொத்தம் 96 வினாடி. விலை ஏறினால் சுருதி ஏறும். 1957இல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் ஐபிஎம் 704 கணினியைக்கொண்டு 17 வினாடி இசையை எண்களிலிருந்து உண்டாக்கினார். அடிப்படை அதேதான்.

எவ்வளவு விலைக்கு எவ்வளவு சுருதி? விலை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறட்டும் என்பது நியாயமாகத் தோன்றும். 1910 ஏப்ரலில் விலை 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை போனது, அதாவது 153 பென்ஸ். 1932இல் 2 பென்ஸ் அளவுக்கு விழுந்தது. ஆறு ஸ்தாயிக்கும் மேல் இறக்கம்! உச்சத்தை 4,000 ஹெர்ட்ஸில் வைத்தால் அடிமட்டம் 52 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். நம் கையிலிருக்கும் மடிக்கணினிகளின் குட்டி ஸ்பீக்கரில் 52 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. போர்க்கால ஏற்ற இறக்கம் கேட்கும். ஸ்டீவன்சன் திட்டம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியபின் 1925இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டிய எழுச்சி கணீரென்று கேட்கும். மந்தக்காலத்தின் அடிமட்டம் மட்டும் காணாமல் போகும். வேலையிழந்த தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பலேற்றிய வருஷங்கள் அவை. பேராக் தோட்டக் குடும்பங்களின் கதையில் அதைவிடக் கனமான இடம் எது? அது கேட்காத கணக்கு என்ன கணக்கு?

ஹெட்போன் மாட்டினால் ஓரளவு கேட்கும். எல்லாருக்கும் ஹெட்போனுக்கு நாம் எங்கே போவது? கணக்கை மாற்றுவதே வழி. விலையின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஸ்தாயி மூன்றாகச் சுருங்கும். உச்சம் 2,000 ஹெர்ட்ஸ் என்றால் 1932 சுமார் 230 ஹெர்ட்ஸில் நிற்கும். மலிவு ஸ்பீக்கரிலும் தெளிவாக விழும். விலை இரட்டித்தால் அரை ஸ்தாயிதான் ஏறும் என்பதைக் கேட்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு மாதத்துக்கும் சைன் அலையைப் புதிதாகத் தொடங்கினால் கால் வினாடிக்கொரு ‘டிக்’ கேட்கும். அலை முடிந்த உயரமும் அடுத்தது தொடங்கும் உயரமும் பொருந்தாததால் வருவது அது. ஒலிக்கவைக்கும் எந்த லைப்ரரியாலும் இதைத் திருத்த முடியாது. சுருதி மாறினாலும் கோணம் விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி, நம்பையின் ‘கம்சம்’ கொண்டு கூட்டிக்கொண்டே போங்கள். ‘டிக்’ போய்விடும்.

கோப்பாக அனுப்ப நினைப்பவர்களுக்கு: 96 வினாடி, ஒரே தடம், 16 பிட் என்றால் வேவ் கோப்பு சுமார் 8.5 எம்பி வரும். நம் உச்ச சுருதி 2,000 ஹெர்ட்ஸ்தான் என்பதால் வினாடிக்கு 22,050 எண்களே தாராளம். கோப்பு பாதியாகிவிடும்.

அடுத்த வாரத்துக்கு அணியில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்து வையுங்கள். இடக்காதில் ரப்பரும் வலக்காதில் செம்பனையும் கேட்கப்போகிறோம். அதற்கு இரண்டின் விலையும் கிடைக்கும் பிற்காலத் தரவு வேண்டும்.