மூழ்கி 80 ஆண்டுகள் ஆகியும் 'யமாட்டோ'வுக்கு புதுப்புது மாடல் கிட் வருவது ஏன்?

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஹாபி ஷோ நடக்கும். அடுத்து வரப்போகும் பிளாஸ்டிக் மாடல் கிட்களை டாமியா, ஹசேகவா போன்ற நிறுவனங்கள் அங்கே காட்சிக்கு வைக்கும். அந்த நிறுவனங்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் போர்க்கப்பல்களில் ஒன்று 'யமாட்டோ'.

1945-லேயே மூழ்கிய கப்பல் அது. அதில் புதுசா என்ன இருக்கப் போகிறது என்கிறீர்களா? இருக்கிறது.

யமாட்டோவின் கதை என்ன?

1941 டிசம்பரில் ஜப்பான் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 263 மீட்டர். அதிலிருந்த 46 செ.மீ. பீரங்கிகள், போர்க்கப்பல்களில் பொருத்தப்பட்டவற்றிலேயே மிகப் பெரியவை. 1945 ஏப்ரல் 7-ம் தேதி, ஒகினாவா நோக்கிச் சென்றபோது அமெரிக்க விமானங்கள் தாக்கி மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் இறந்தனர். பிழைத்தவர்கள் 300-க்கும் குறைவு.

வரைபடத்தைப் பார்த்தே செய்யலாமே?

அங்கேதான் சிக்கல். யமாட்டோ ரகசியமாகக் கட்டப்பட்ட கப்பல். ஜப்பான் சரணடைந்தபோது ஆவணங்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியவை சில புகைப்படங்கள், கொஞ்சம் வரைபடங்கள், பிழைத்தவர்களின் நினைவுகள். மற்றதெல்லாம் ஊகம்தான்.

கடலடி சொன்ன பதில்

1985-ல் சிதைவு அடையாளம் காணப்பட்டது. கப்பலின் முகப்பில் இருந்த சாமந்திப்பூ வடிவ அரச முத்திரையின் விட்டம் 1.5 மீட்டர் என்றே அதுவரை நம்பினார்கள். 1999-ல் நீரடியில் ஆய்வு செய்தபோது, அது 1 மீட்டர்தான் என்று தெரியவந்தது.

இது பெரிய விஷயமா? 1/350 அளவு கிட்டில் கப்பலின் நீளம் 75 செ.மீ. முத்திரையோ 4.3 மி.மீ.க்குப் பதில் 2.9 மி.மீ. ஆகிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒரு புள்ளி. மாடல் செய்பவருக்கு அதுதான் கப்பலின் முகம்.

டாமியா தனது முதல் 1/350 யமாட்டோவை 1978-ல் வெளியிட்டது. அப்போது சிதைவு கிடைத்திருக்கவில்லை. 2011-ல் அதே அளவில் முழுக்கப் புதிதாக இன்னொன்றைக் கொண்டுவந்தது. 2016-ல், யமாட்டோ கட்டப்பட்ட குரே நகரின் நிர்வாகம் மீண்டும் கடலடியில் படம்பிடித்தது. புதுத் தகவல் வந்தால் பழைய கிட்டும் பழசாகிவிடும்.

வாங்கும் முன் ஒரு கேள்வி

கிட் தயாரிக்க உருகிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவார்கள். அச்சு செய்வதுதான் பெரும் செலவு. அதனால் ஒரே அச்சைப் பல ஆண்டுகள் ஓட்டுவது சகஜம். பெட்டியின் படம் மட்டும் மாறும். சில சமயம் ஓரிரு உதிரிப் பாகங்கள் சேரும்.

ஆகவே 'விரைவில்' என்று அறிவிப்பு வந்தால், விலையைப் பார்க்கும் முன் இதைக் கேளுங்கள்: வரப்போவது புது அச்சா, புது பெட்டியா? புது அச்சு என்றால், சுமார் 3,000 பேரோடு மூழ்கிய கப்பலைப் பற்றி இன்னும் கொஞ்சம் உண்மை தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.