வாட்ஸன் ஹோட்டலின் கதி

மும்பைக் கோட்டைப் பகுதியில், ஹைக்கோர்ட்டுக்கு அண்மையில், ஐந்து அடுக்குள்ள பழங்கட்டடம் ஒன்று நிற்கின்றது. இன்று அதற்கு எஸ்பிளனேடு மாளிகை என்று பெயர். ஆதியில் வாட்ஸன் ஹோட்டல். ஜான் வாட்ஸன் என்ற ஆங்கிலேயத் துணி வியாபாரி 1860-களில் இதை எழுப்பினார்.

இதன் விசேஷமெல்லாம் எலும்புக் கூட்டில் இருக்கின்றது. நம் பழைய மாளிகைகளில் கனத்த சுவர்களே கூரையைத் தாங்கும். இங்கோ இரும்புத் தூண்களும் உத்தரங்களும் பாரத்தை ஏற்க, செங்கற் சுவர் வெறும் அடைப்பாகவே நிற்கின்றது. லண்டன் ஸெயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையக் கூரையை அமைப்பதில் பங்கு கொண்ட ரோலண்ட் மேஸன் ஆர்டிஷ் என்ற எஞ்சினியரே இதற்குத் திட்டம் வகுத்தவர். உறுப்புக்களை இங்கிலாந்தில் வார்த்து, கப்பலேற்றிக் கொணர்ந்து, இங்கே பொருத்தினார்கள். மாடிதோறும் அறைகளை இணைக்கும் அகன்ற திறந்த தாழ்வாரங்கள். நடுவே கண்ணாடிக் கூரையிட்ட முற்றம். லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாக, 1896 ஜூலை 7-ல், காட்டப்பட்டதும் இங்கேதான்.

இது வெள்ளையருக்கென்று நடந்த ஹோட்டல். ஜாம்ஷெட்ஜி டாட்டாவை வாயிலில் தடுத்தனர் என்றும், அந்த ரோஷத்திலேயே அவர் தாஜ்மஹால் ஹோட்டலைக் கட்டி 1903-ல் திறந்தார் என்றும் ஒரு கதை உண்டு. சரித்திரக்காரர் பலர் அதை ஒப்புவதில்லை. ஆயினும் ஜனங்கள் நம்பத்தக்க கதையாகவே அது இருந்தது! அப்படிப்பட்ட கட்டடம் இடிந்தால் நமக்கென்ன என்று தேசாபிமானி ஒருவர் கேட்கக்கூடும். இரும்புக்கு நிறபேதம் தெரியாது என்பதே நம் விடை.

1960-களில் ஹோட்டல் மூடப்பட்டது. பின்னர் உட்புறத்தைத் தடுப்புக்களால் கூறு போட்டு, வீடுகளாகவும் ஆபீஸ்களாகவும் வாடகைக்கு விட்டனர். பம்பாயின் 1947-ம் வருஷத்து வாடகைச் சட்டத்தால் பழங்கட்டடங்களின் வாடகை ஏறாமல் நின்றது. சொந்தக்காரர்களுக்குச் செப்பனிட மனம் வரவில்லை. குடியிருப்போரோ அது தம் பொறுப்பல்ல என்றிருந்தனர். உப்புக் காற்று மட்டும் ஓய்வின்றி வேலை செய்தது. 2005-ல் தாழ்வாரத்தின் ஒரு பகுதி சரிந்து ஓர் உயிரைப் பலி கொண்டது. 2019-ல் கட்டடத்தைக் காலி செய்வித்தனர். இடித்துவிடுவதே தகும் என்று பம்பாய் ஐ. ஐ. டி. நிபுணர்கள் அறிக்கை தந்தனர். புராதனக் கட்டடங்களைக் காப்போர் அதை வன்மையாக மறுத்தனர்.

நாமும் மறுப்போர் பக்கமே. வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும். இழுத்தாலோ திடீரென விண்டுவிடும். அந்த அபாயத்தைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஆனால் துண்டு துண்டாக வந்து பொருத்தப்பட்டது இச்சட்டகம். பழுதான உறுப்பைக் கழற்றி, புதியதை வார்த்துப் பொருத்தலாம். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். வார்க்கத் தெரிந்த தொழிலாளர் நம் பட்டறைகளில் இல்லையென்று எவரும் சொல்லத் துணியார்.