‘டிபாச்சரி’ – ஒரு சொல்லாய்வு

ஆங்கிலத் திருமறையின் துணையுடன் அருளுரை ஆயத்தம் செய்யும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் ‘டிபாச்சரி’ என்னும் சொல்லை எதிர்கொள்வதுண்டு. கட்டுப்பாடற்ற சிற்றின்ப நுகர்ச்சி என்று அகராதிகள் பொருள் கூறுவதால், பாலியல் ஒழுக்கக்கேட்டையே இது குறிப்பதாகப் பலரும் கொள்வர். இப்பொருள் தவறன்று, ஆயினும் போதாது.

இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. ஒருவரை அவருடைய வேலையினின்று விலக ஈர்த்தல் என்பது அதன் மூல வினையின் பழம்பொருள்களுள் ஒன்று. ஒரு நிறுவனத்தின் ஊழியரை மற்றொரு நிறுவனம் தன்பால் இழுத்துக்கொள்வதை இன்றும் பிரெஞ்சுக்காரர் அவ்வினையாலேயே குறிப்பர். கடமையை விட்டு விலகுதல் என்னும் கருத்து இச்சொல்லின் அடியிலேயே உள்ளது.

புதிய சர்வதேச ஆங்கிலப் பதிப்பு இவ்வொரு சொல்லையே இரண்டு கிரேக்கச் சொற்களுக்கு வழங்குகிறது. கலாத்தியர் 5:19இல் மூலத்தில் உள்ளது ‘அசெல்கெயா’. எபேசியர் 5:18இல் உள்ளது ‘அசோத்தியா’. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ முன்னதைக் ‘காமவிகாரம்’ என்றும், பின்னதைத் ‘துன்மார்க்கம்’ என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது. ஆங்கிலத்தை மட்டும் நோக்குவோர் இவ்வேறுபாட்டை இழந்துவிடுவர்.

‘அசோத்தியா’ என்பது ‘காத்தல், மீட்டல்’ எனப் பொருள்படும் வினையடியில் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து அமைந்தது. தன் பொருளைக் காத்துக்கொள்ளாமல் அழித்து, அதனால் தன்னையே அழித்துக்கொள்பவனை அரிஸ்டாட்டில் இச்சொல்லால் சுட்டினார். காக்கப்படாதவன் என்னும் கருத்தையும் அலெக்சாந்திரியக் கிளெமெந்து இதனோடு இணைத்துக் காட்டினார். புதிய ஏற்பாட்டில் இப்பெயர்ச்சொல் எபேசியர் 5:18, தீத்து 1:6, 1 பேதுரு 4:4 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. இதன் வினையடை வருவது ஒரே இடத்தில்: லூக்கா 15:13.

அவ்விடத்தை நுணுகி நோக்குக. இளைய மகன் தன் ஆஸ்தியைச் சிதறடித்தான் என்பதே நற்செய்தியாளரின் கூற்று. வேசிகளைப் பற்றிய பேச்சு முப்பதாம் வசனத்தில், மூத்த மகனின் வாயிலிருந்தே முதன்முதலாக எழுகிறது. அதனைப் பதின்மூன்றாம் வசனத்திற்குள் கொண்டுசென்று பிரசங்கிப்பவர், தாம் அறியாமலே மூத்த மகனின் பக்கம் நின்றுவிடுகிறார்.

இக்கருத்து தமிழ் மரபுக்கும் அயலானதன்று. திருக்குறள் வரைவின்மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகிய மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து அமைக்கிறது. அவை இடம்பெறுவது காமத்துப்பாலில் அன்று, பொருட்பாலில். வரம்பற்ற நுகர்ச்சி, வாழ்வின் அடிப்படையைக் கரைக்கும் கேடு என்பதை அவ்வமைப்பே உணர்த்துகிறது.

சொல்லைத் திருத்தமாக அறிவதால் நம் ஊழியத்திற்கு என்ன பயன்? நம் மாநிலத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமாகிய டாஸ்மாக்கே நடத்திவருகிறது. ஆதம்பாக்கம் போன்ற நகர்ப்புறச் சபைகளிலும் மதுவால் நலிந்த குடும்பங்கள் உண்டு. அங்கே எபேசியர் 5:18ஐக் காம இச்சைக்கு எதிரான எச்சரிப்பாக மட்டும் விளக்கினால், குடிப்பவர் ‘நான் அத்தகையவன் அல்லேன்’ என்று அமைதியடைவார். அடகுக்கடை சென்ற நகையும், கட்டப்படாத பள்ளிக் கட்டணமும், அஞ்சி உறங்கும் பிள்ளைகளும் அருளுரையில் இடம்பெறாமற் போவர். திருத்தூதரோ அவ்வசனத்தைத் தொடர்ந்து சில வரிகளிலேயே மனைவி, கணவன், பிள்ளைகள், வேலைக்காரர் ஆகியோரைக் குறித்துப் பேசத் தொடங்குகிறார். வீட்டின் சிதைவையும் ‘அசோத்தியா’ என்று பெயர் சொல்லிக் கூறும் பொறுப்பு நமக்குண்டு.

அதனுடன் மற்றொன்றையும் கூறவேண்டும். தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவன் என்று அச்சொல் எவனைக் குறித்ததோ, அவனைத் தந்தை தூரத்தில் வரும்போதே கண்டு ஓடிச்சென்று தழுவினார். பாவத்தின் பெயரைச் சரியாக உரைக்கும் பிரசங்கமே, மீட்பின் அளவையும் சரியாக உரைக்க வல்லது.