வேலைக்கு வந்தவர்கள் ஊர்க்காரர் ஆகும் எத்தியோப்பியா... தெரியுமா?

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம், ஐ.நா. அலுவலகங்கள், தெருவுக்குத் தெரு தூதரகங்கள்... அடிஸ் அபாபாவில் வெளிநாட்டவருக்குப் பஞ்சமே இல்லை! பலர் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டி கட்டிவிடுகிறார்கள். சிலரோ அந்த மண்ணின் மனிதர்களாகவே மாறிவிடுகிறார்கள். எப்படி?

3 மணி என்றால் காலை 9 மணி... தெரியுமா?

அங்கே கடிகாரக் கணக்கு விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி! ஆண்டுக்கு 13 மாதங்கள். 12 மாதங்களுக்குத் தலா 30 நாள். மிஞ்சும் 5 அல்லது 6 நாளுக்கு ஒரு குட்டி மாதம். ஆண்டுக்கணக்கும் நம்முடையதைவிட 7 அல்லது 8 குறைவு. அதனால்தான் 2000ஆம் ஆண்டுப் பிறப்பை அவர்கள் 2007 செப்டம்பரில் கோலாகலமாகக் கொண்டாடினார்கள்! யாராவது விருந்துக்கு அழைத்தால், "உங்கள் நேரமா, எங்கள் நேரமா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

குடும்பப் பெயரே கிடையாது... தெரியுமா?

நம் இனிஷியல் போலத்தான்! தன் பெயர், அடுத்து அப்பா பெயர். திருமணமானாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரையும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லியே மரியாதையோடு அழைப்பார்கள். ஐரோப்பியர் குழம்பும் இந்த இடத்தில் தமிழர் முதல் நாளே தேறிவிடலாம்!

விருந்தாளிக்கு ஊட்டிவிடுவார்கள்... தெரியுமா?

டெஃப் என்ற பொடித் தானியத்தை மாவாக்கி, சில நாள் புளிக்கவைத்துச் சுடுவது இஞ்சேரா. கண் கண்ணாக, மெத்தென்று, பெரிய தோசை மாதிரி இருக்கும். அதைத் தட்டில் விரித்து, மேலே குழம்புகளை ஊற்றி, எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். நடுவே ஒருவர் கவளம் உருட்டி உங்கள் வாயில் ஊட்டுவார். அதுதான் குர்ஷா! அன்பு கூடக்கூடக் கவளமும் பெரிதாகும். மறுத்தால் மனம் நோகும். மரக்கறிக்காரர்களுக்கு ஓர் இனிப்பான செய்தி: எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் விரதம். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அன்று உணவகங்களில் பருப்பும் காய்கறியும் வண்ண வண்ணமாக வரும்!

ஒரு காப்பிக்கு மூன்று சுற்று... தெரியுமா?

தரையில் புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, பச்சைக் கொட்டையை உங்கள் கண்ணெதிரே வறுத்து, அந்த மணத்தை முகர நீட்டி, இடித்து, ஜெபனா என்ற மண் குடுவையில் கொதிக்கவைப்பார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்காதான் ஆசி தரும் சுற்று. அதற்கு முன் எழுந்துபோவது அழகல்ல. தெருவின் சேதிகளெல்லாம் பேசப்படுவதும் இந்த நேரத்தில்தான்!

துக்கத்துக்கும் சங்கம் உண்டு... தெரியுமா?

அக்கம்பக்கத்தார் மாதாமாதம் பணம் போட்டு நடத்தும் சங்கத்தின் பெயர் இடிர். ஒரு வீட்டில் சாவு என்றால் கூடாரம், பெஞ்சு, சமையல் என்று எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொள்ளும். நாள்கணக்கில் உடன் உட்காரும். நம்மூர்ச் சீட்டு போல எக்குப் என்ற ஒன்றும் உண்டு. அடுத்த வீட்டுத் துக்கத்தில் வந்து உட்காரும் அயல்நாட்டவரை எந்தத் தெருவும் அந்நியராக நினைக்காது.

அநாதைச் சிறுவர்கள் அரசவை இசைக்குழு ஆனார்கள்... தெரியுமா?

வெளியிலிருந்து அங்கே வந்தவர்கள் சிலரின் கதைகள் இனி. 1924இல் ஜெருசலேமுக்குப் போன ராஸ் தஃபாரி (பின்னாளில் பேரரசர் ஹெய்லி செலாசி) அங்கே 40 ஆர்மேனிய அநாதைச் சிறுவர்களைப் பார்த்தார். அவர்களுடைய வாத்திய இசையில் மயங்கி, அத்தனை பேரையும் தன் நாட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்! அவர்களுடைய ஆசிரியர் கெவோர்க் நல்பந்தியன் இசையமைத்த பாடல்தான் பேரரசர் காலத்து நாட்டுப்பண்!

3 ஆண்டு ஒப்பந்தம் 60 ஆண்டானது... தெரியுமா?

ஆஸ்திரேலிய மருத்துவர் கேத்தரின் ஹாம்லின் 1959இல் கணவர் ரெஜினால்டுடன் வந்தார். பிரசவச் சிக்கலால் உடலில் காயமுற்று, ஊரால் ஒதுக்கப்பட்ட பெண்களைக் கண்டார். திரும்பிப்போக மனம் வரவில்லை! 1974இல் அவர்களுக்கென்றே தனி மருத்துவமனை. பல்லாயிரம் பெண்களுக்குப் புது வாழ்வு. 2012இல் எத்தியோப்பியா அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. 2020இல் அடிஸ் அபாபா வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

ஆங்கிலேயப் பெண்ணுக்கு வீரர்களின் மயானத்தில் இடம்... தெரியுமா?

பெண்கள் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்க்ஹர்ஸ்ட், எத்தியோப்பியா மீதான இத்தாலியப் படையெடுப்பை எதிர்த்து இங்கிலாந்திலிருந்தே பத்திரிகை நடத்தியவர். 1956இல் அடிஸ் அபாபாவுக்கே குடிவந்தார். 1960இல் மறைந்தபோது அரசு மரியாதை. ஹோலி டிரினிட்டி பேராலய வளாகத்தில் நாட்டுக்காகப் போரிட்டவர்களோடு அடக்கம்!

உங்கள் வீட்டிலிருந்து யாராவது அங்கே வேலைக்குப் போகிறார்களா? முதல் மாதமே அம்ஹாரிக் மொழி படிக்கச் சொல்லுங்கள். மாலைப்பொழுதெல்லாம் வெளிநாட்டவர் மட்டுமே கூடும் இடங்களில் கரைய வேண்டாம். பக்கத்து வீட்டில் காப்பிக்கு அழைத்தால் வேறு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று சுற்றும் முடியும்வரை உட்காரச் சொல்லுங்கள். அந்த நாடு வருபவர்களிடம் எதிர்பார்ப்பது அவர்களுடைய நேரத்தைத்தான். கொடுத்தவர்களை அது ஒருபோதும் மறந்ததில்லை!